சாயங்காலம் வரச் சொல்லேன்மா

1934 மே 21

இன்று காலையும் கலா டம்ளரைத் தவறவிட்டாள். பாய் முழுக்கக் காப்பி. முதுகில் ஒன்று வைத்தேன். எட்டு வயதுப் பெண்ணுக்கு விரல் மடங்காதா என்ன? நேற்றுச் சாயங்காலம் கோட்டர்ஸ் வீட்டு வாசலில் பாண்டி ஆடியவள்தானே. விடிந்தால் மட்டும் வேஷம்.

மே 24

முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். டாக்டர் சொன்னதைக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் தமிழில் சொன்னார்: "மூட்டு வாதம்மா. சின்னப் பிள்ளைக்கும் வரும். ராத்திரி படுத்தா இறுகிடும், பொழுது ஏற ஏறத் தளரும். வெந்நீர் ஒத்தடம் குடுங்க. நடிக்கிறான்னு அடிச்சுப்புடாதீங்க."

அவரிடம் யார் சொன்னது? கலா என் முகத்தையே பார்க்கவில்லை.

ஜூன் 5

என் நாத்தனார் சீதாலெட்சுமியைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை காலை கிள்ளானிலிருந்து வருகிறார்கள். இவர் சொன்னார்: "கலாவை வள்ளியம்மா வீட்டுல விட்டுடு. குடும்ப வியாதின்னு நெனச்சுக்குவாங்க. யாராச்சும் கேட்டா அவ பக்கத்து வீட்டுப் பொண்ணு." சொல்லி முடிக்கும் முன்பே நான் தலையாட்டிவிட்டேன்.

கலா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"சாயங்காலம் வரச் சொல்லேன்மா. அப்ப நான் நல்லா நடப்பேன். யாருக்கும் தெரியாது."

நல்ல நேரம் காலையில்தான் என்றேன்.

ஜூன் 8

பெண் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா மாரியாயி என்னிடம், "உனக்கு எத்தனை பிள்ளைங்க?" என்றார்.

"இல்லீங்க."

எப்படி வந்தது அந்தச் சொல்? என் வாயிலிருந்துதானே வந்தது! அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. தாம்பாளத்துப் பூவைக் கிள்ளி என் தலையில் வைத்து, "பத்துமலை முருகனுக்கு உன் பேருல பால்குடம் நேந்துக்கிறேன்மா. அடுத்த தைப்பூசத்துக்குள்ள உன் மடி நிறையும்" என்றார்.

வள்ளியம்மா வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர்தான். இங்கே தும்மினால் அங்கே கேட்கும்.

ஜூன் 9

கலா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது—

ஜூன் 24

நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும் நேரத்தில் சீதாலெட்சுமி எழுந்து வள்ளியம்மா வீட்டுக்குப் போய்க் கலாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். "எங்க அண்ணன் மக. காலைல நடக்க முடியாது இவளால. இவளை ஒளிச்சு வச்சுட்டு நான் தாலி கட்டிக்க மாட்டேன்."

மாரியாயி அம்மாள் கலாவின் முழங்காலைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புள்ளைக்கு நோவுன்னு சொல்லியிருந்தா நானும் ரெண்டு மருந்து சொல்லியிருப்பேன். பெத்த புள்ளையவே இல்லேங்கிற வீட்டுல எப்படிம்மா பொண்ணு எடுக்கிறது?"

தட்டோடு திரும்பிப் போய்விட்டார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா?

ஜூலை 2

விடிகாலையில் கலாவுக்கு ஒத்தடம் கொடுப்பது இப்போது சீதாலெட்சுமிதான். என்னிடம் பேச்சில்லை. திட்டினால் தேவலை.

ஜூலை 12

இன்று நானே கலாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கடைத்தெரு முழுக்க இடுப்பில் சுமந்துதான் நடந்தேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். யார் கேட்டாலும் என் மகள் என்று சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

மருந்து வரிசையில், ரவாங்கிலிருந்து வந்த ஓர் அம்மாள் கேட்டார்: "உன் மகளாம்மா?"

நான் வாய் திறப்பதற்குள் கலா முந்திக்கொண்டாள்.

"இல்லீங்க. நான் பக்கத்து வீட்டுப் பொண்ணு."

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று என் முகத்தைப் பார்த்தாள்.