சக்கரத்தடியில் ஒரு வால்

ரெஹேமாவின் அப்பாவுக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை; அதனால்தான் கடிதம். முவான்சாவில் உங்கள் அக்கா வீட்டு மீன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதாம். சந்தோஷம்.

நேற்று உங்கள் சவாரி வண்டியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு நானே செரெங்கெட்டிச் சரணாலயத்துக்குள் ஓட்டிப் போனேன். மதியத்துக்குள் யானை, ஒட்டகச்சிவிங்கி, நீர்யானை எல்லாம் காட்டி முடித்தேன். "மிருகம் என்ன உன் கடைச் சரக்கா, எடுத்து எடுத்துக் காட்ட?" என்று கேட்டுத்தானே கோபித்துக்கொண்டு போனீர்கள்? சரக்கேதான்.

அடுத்து ஒரு சிங்கத்தின் அருகில் நிறுத்தினேன். புல்வெளியில் வேறு நிழல் இல்லை. அது எழுந்து வந்து நம் வண்டி நிழலில் படுத்து, வாலைச் சக்கரத்துக்கு முன்னால் நீட்டிவிட்டது. எப்படி நகர்வது?

வண்டி ரேடியோவில், இன்னொரு சவாரி வண்டியிலிருந்து மசாஞ்சா சிரித்தான்.

"என்ன ரெஹேமாம்மா, கடைய அங்கயே விரிச்சுட்டியா? இந்நேரம் உன் புருஷன் இருந்தா..."

"இருந்தா அவரும் இறங்கி அது பக்கத்துல படுத்திருப்பாரு. வைடா ரேடியோவ!"

சாயங்காலம்வரை சும்மா உட்கார்ந்திருந்தோம். வந்தவர்களோ, இந்தப் பயணத்திலேயே இதுதான் நல்ல நாள் என்கிறார்கள். அப்படியே உங்கள் ரசனை.

கடைசியில் தூரத்திலிருந்து பெண் சிங்கம் ஒரே ஒரு குரல் கொடுத்தது. ஐயா உடனே எழுந்தார், உடம்பை உதறினார், திரும்பிப் பார்க்காமல் அந்தப் பக்கம் நடந்தார்.

அவள் ஒரு குரலில் முடித்த வேலைக்கு நான் ஒரு முழுக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. வியாழக்கிழமை பஸ்ஸில் உங்களுக்கு ஜன்னலோர இடம் வாங்கிவிட்டேன். டிக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி