சுவர் நின்ற ஆறடியில் அப்பாவை அடக்கம் செய்ய அனுமதி வேண்டி

அனுப்புநர்
லவோனா மொந்தேல், கொத்தனார்,
த/பெ காலஞ்சென்ற கெர்ட் மொந்தேல்,
ஆற்றங்கரைத் தெரு, கெர்ஸ்போஸ் பள்ளத்தாக்கு,
மேற்குக் கேப், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
பழஞ்சின்னப் பாதுகாப்புக் குழு,
கெர்ஸ்போஸ் பள்ளத்தாக்கு.

பொருள்: மொந்தேல் கல்லறைத் தோட்டத்தில் இடிந்த சுவரைக் கட்ட மறுத்தலும், சுவர் நின்ற இடத்தில் என் அப்பாவை அடக்கம் செய்ய அனுமதி கோருதலும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அப்பா கெர்ட் மொந்தேல், கொத்தனார், வயது எண்பத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை காலமானார். வரும் சனிக்கிழமை அடக்கம். பாதிரியார் தயார், பெட்டி தயார், இறுதிச் சாப்பாட்டுக்கு ஆடுகூடச் சொல்லியாகிவிட்டது. படுக்க இடம் மட்டும் தங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது.

2. அந்தத் தோட்டத்தைத் தாங்கள் அறிவீர்கள். சுவருக்கு உள்ளே, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் புராட்டஸ்டன்ட் விசுவாசத்துக்காகப் பிரான்சிலிருந்து ஓடி வந்த ஹியூகனாட்டான எத்தியேன் மொந்தேலும் அவருடைய வெள்ளைக்கார வம்சமும். சுவருக்கு வெளியே, அவருடைய பண்ணையில் அடிமையாக இருந்த ரோசினாவும் அவள் வம்சமான நாங்களும். உள்ளே பளிங்கு, வெளியே களை. இரண்டு பக்கமும் பெயர் மொந்தேல்தான். எஜமானின் பெயரை அடிமைக்கு வைப்பது அந்தக் கால வழக்கம், அதை வைத்துச் சொந்தம் கொண்டாட முடியாது என்பது உள்ளே கிடப்பவர்களின் வாரிசுகள் நடத்தும் மொந்தேல் குடும்பச் சங்கத்தின் நிலைப்பாடு.

3. ரிஷிமூலம் நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். வயதாகிச் சாந்து பூசும் கரணையைப் பிடிக்க முடியாமல் போனதும் அப்பா அதைத்தான் பார்க்கக் கிளம்பினார். பொரித்த மீனும் ரொட்டியும் கட்டிக்கொண்டு ரயிலேறிக் கேப் டவுன் ஆவணக் காப்பகத்துக்குப் போவார். ரோசினாவின் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவு கிடைத்தது. தகப்பன் பெயருக்கு நேரே "தெரியவில்லை" என்று இருந்ததாம். பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்திருக்கும், தெரியாதவர் பாதிரியார் ஒருவர்தான் என்பது அப்பாவின் துணிபு.

4. வம்ச மரத்தில் தன்னையும் சேர்க்கும்படி அப்பா சங்கத்துக்கு எழுதினார். சங்கத் தலைவர் யாக்கோபுஸ் மொந்தேல் அவர்கள் வீட்டுக்கே வந்தார். "கெர்ட், நம்ம பேரு ஒண்ணுதான். ஆனா மரம் வேறப்பா" என்றார். "மரம் எனக்குத் தெரியாது யாக்கோபுஸ். மூக்கு ஒண்ணுதான், கண்ணாடியில பாத்துக்கோ" என்றார் அப்பா. குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் பரம்பரை தெரிந்துவிடும் என்று தலைவர் சொன்னதற்கு, "நீயும் துப்பு, ரெண்டையும் சேத்தே அனுப்பலாம்" என்று பதில் வந்தது. அத்தோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

5. சென்ற ஆண்டு சங்கத்தின் கூட்டத்தில், பிரான்சில் தம் முன்னோர் பட்ட பாட்டைத் தலைவர் கண்ணீரோடு விவரித்தார். "மதம் வேறன்னு சொல்லி நம்ம பொணத்தக்கூட ஊர்க் கல்லறையில பொதைக்க விடல, அதான் கப்பல் ஏறினோம்" என்றார். எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். அன்று அவர்களுக்குக் கரி அடுப்பில் இறைச்சி சுட்டுக் கொடுத்தவர் என் அப்பா. அவருக்கும் கண்ணில் நீர் வந்தது, புகையால் என்று சொல்லிக்கொண்டார்.

6. இந்த ஜூலை மழையில் சுவர் விழுந்தது. அதைத் திரும்பக் கட்டத் தங்கள் குழுவின் ஒப்பந்தம் எனக்கு வந்ததால் அஸ்திவாரம் வரை தோண்டினேன். எத்தியேன் கல்லறையைச் சுற்றிய கல்வரம்பு சுவரோடு முடியவில்லை. சுவருக்கு அடியில் புகுந்து, வெளியே வந்து, எங்கள் வரிசையின் முதல் குழியான ரோசினாவின் கல்லறையையும் சுற்றிக்கொண்டு திரும்பிப் போகிறது. இருவருக்கும் ஒரே வரம்பு. சுவர் பிற்காலத்தில் நடுவே ஓடியிருக்கிறது.

7. அந்தச் சுவரை முதலில் எழுப்பியவர் என் அப்பாவின் தாத்தாவுடைய அப்பா. அடுத்தடுத்து விழுந்தபோதெல்லாம் கட்டியவர்களும் நாங்களே. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் கூலி வாங்கிக்கொண்டு வைத்திருக்கிறோம். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

8. சங்கத்துக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ரோசினா விசுவாசமான வேலைக்காரி, எஜமானின் காலடியில் கிடக்க விரும்பியிருப்பாள் என்று பதில் வந்தது. ஐயா, அவள் காலடியில் இல்லை. தோளோடு தோள் கிடக்கிறாள். எந்த ஊரில் வேலைக்காரியை அப்படிப் படுக்க வைப்பார்கள் என்று சங்கம்தான் விளக்க வேண்டும். இதற்கிடையில், மாத முடிவுக்குள் சுவரைப் பழையபடியே கட்டி முடிக்க வேண்டும் என்று தங்கள் அறிவிப்பும் வந்து சேர்ந்தது.

9. அறிவிப்பைக் கட்டிலில் கிடந்த அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் சிரித்தார், இருமினார். பிறகு சொன்னார்: "உள்ள வேணாம்மா, அவங்க பேச்ச நாள் முழுக்கக் கேக்க முடியாது. வெளிய வேணாம், தண்ணி நிக்கும். சுவர் இருந்த எடத்துல போடு. என் மேல எவன் கட்டுறான்னு பாப்போம்."

10. திங்கட்கிழமை சங்கத் தலைவர் யாக்கோபுஸ் அவர்கள் அப்பாவின் முகம் பார்க்க வந்தார். பெட்டியருகே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றவர், தன்னை அறியாமல் தன் மூக்கைத் தடவிப் பார்த்தார். சங்கத்திடமிருந்து ஆட்சேபக் கடிதம் எதுவும் இதுவரை வரவில்லை.

11. எங்களை ஹியூகனாட் என்று அறிவிக்கும்படி நான் கேட்கவில்லை. இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செங்கலா வாங்கப்போகிறேன்? இரட்டைக் கல்லறைக்கு அடுத்து, அஸ்திவாரம் கிடந்த அந்த ஆறடியை மட்டும் சனிக்கிழமைக்குள் அப்பாவுக்குத் தந்தருள வேண்டுகிறேன். வாங்கிய முன்பணத்தை இத்துடன் திருப்பியிருக்கிறேன்.

12. கடைசி நாளில் மரித்தோர் எல்லோரும் எழுந்திருப்பார்கள் என்று உள்ளே கிடப்பவர்களும் நம்பினார்கள், நாங்களும் நம்புகிறோம். அன்று என் அப்பாவும் எழுந்துவிடுவார், இடம் காலியாகிவிடும். அதற்குப் பிறகும் சுவர் வேண்டும் என்று குழு கருதினால் சொல்லி அனுப்புங்கள். கூலியில்லாமல் நானே வந்து கட்டித் தருகிறேன்.

இடம்: கெர்ஸ்போஸ் பள்ளத்தாக்கு
நாள்: 17 ஆகஸ்ட் 2022

அதுவரை கரணையைக் கீழே வைத்திருக்கும்,
(ஒப்பம்)
லவோனா மொந்தேல்