ஹெல்ஸ்டெட்டை முதலில் படித்தவன்

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

ஸ்ரீதர் என் கண்டுபிடிப்பைத் திருடிவிட்டார். இதை முதல் வரியிலேயே எழுதிவைக்கிறேன். கோபத்தில் வேறு எதையாவது எழுதி இது கீழே போய்விடக் கூடாது.

நேற்று சிதம்பரத்தில் சனிக்கிழமை வாசகர் வட்டத்தின் கூட்டம். அமெரிக்க நாவலாசிரியர் வாரன் ஹெல்ஸ்டெட் பிறந்து நூறு வருடம். அவர் ஊரிலேயே அவரை யாரும் படிப்பதில்லை. சிதம்பரத்தில் முப்பத்து நான்கு பேர் வந்திருந்தார்கள். சமோசா உண்டு.

ஸ்ரீதர் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். நாற்பது நிமிடம் பேசினார். அணை கட்டி ஒரு ஊரை மூழ்கடிக்கிற கதையில், ஆக்னஸ் என்கிற கிழவி செத்து அடக்கமான பிறகு, நூறு பக்கம் தள்ளி, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தன் சமையலறையில் நின்று ரொட்டிக்கு மாவு பிசைகிறாள் அல்லவா? அந்த இடத்தில்தான் நாவலின் உயிர் இருக்கிறது, அமெரிக்க விமர்சகர் ஒருவர்கூட இதைக் கவனிக்கவில்லை, தான்தான் முதலில் கவனித்தது என்றார். கை தட்டினார்கள். பின்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கவனித்தது நான். மூன்று வருடம் முன்பு முதுநகரில் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் மனைவி ஆரிபா போட்ட டீயைக் குடித்துக்கொண்டே அவர் இதைக் கேட்டார். புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்க வாங்கிப் போனார். வட்டத்தில் எல்லார் கையிலும் இருப்பது அந்த ஜெராக்ஸின் ஜெராக்ஸ். ஹெல்ஸ்டெட் பற்றி நான் எழுதிவைத்த மூன்றாவது நோட்டையும் கொண்டுபோய் இரண்டு மாதம் வைத்திருந்தார். கூட்டத்தில் கொடுத்த சிறப்பு மலரில் அவர் எழுதிய கட்டுரையில் என்னைப் பற்றி இருப்பது இவ்வளவுதான்: “நண்பர் ஒருவரிடம் பெற்ற பிரதி.”

முஹம்மது இஸ்மாயில் என்று எழுத எவ்வளவு மை செலவாகும்?

5 ஆகஸ்ட்

கோபம் தணியவில்லை. ஆரிபா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு அவள் சாப்பிட்டுவிட்டாள்.

7 ஆகஸ்ட், வியாழன்

ஸ்ரீதர் ஒருநாள் மறுக்கக்கூடும். எனவே புத்தகம் என்னிடம் வந்த கதையை எழுதிவைக்கிறேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. சவூதியில், தம்மாமில் ஒரு அமெரிக்கக் கம்பெனி கேம்ப்பில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். இங்கிலீஷ் கற்றது பம்ப்செட் மேனுவலிலும் ஒரு அகராதியிலும். இன்ஜினியர்கள் ஊருக்குத் திரும்பும்போது புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். 1991இல் ஒரு பெட்டியில் பன்னிரண்டு இருந்தன. பதினொன்றை ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது ஹெல்ஸ்டெட். எழுநூறு பக்கம். பக்க எண் கிடையாது, அத்தியாயம் கிடையாது, முற்றுப்புள்ளிகூட எங்கோ ஒன்றுதான். பக்க எண் போட்டால் நாவலைத் தரமாட்டேன் என்று அச்சகத்தோடு சண்டை போட்ட மனுஷனாம், முன்னுரையில் இருக்கிறது. அதைப் படித்ததுமே இவர் நம்ம ஆள் என்று தெரிந்துவிட்டது.

அப்போது எழுபது எண்பது பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் வந்து வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. புத்தகம் ஊறி அட்டை தனியே, உள்ளே தனியே கழன்றுவிட்டது. காயவைத்து, மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக் கட்டுகள் தைக்கிற கொளஞ்சியிடம் கொடுத்து பைண்டிங் செய்தேன். அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இதுவரை பதினொரு முறை.

ஆக்னஸ் திரும்பி வரும் இடத்தை முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். உம்மா 1994இல் போனபோது லீவு கிடைக்கவில்லை. தம்பி ஹாமித்தான் அடக்கம் செய்தான். நான் ஊருக்கு வந்தபோது அடுப்பங்கரை அப்படியே இருந்தது. கபரஸ்தான் வாசல்வரை இரண்டு தரம் போயிருக்கிறேன். உள்ளே போனதில்லை. ஆக்னஸ் மாவு பிசைகிற பக்கத்தை இதற்காகத்தான் நான் நம்பினேனா? இருக்கலாம். அது என் சொந்த விஷயம். கண்டுபிடிப்பு என்னுடையது, பேச்சு அதைப் பற்றித்தான்.

12 ஆகஸ்ட்

ஸ்ரீதரிடம் போனில் பேசினேன். குரலில் அவ்வளவு இனிப்பு. “பாய், இலக்கியத்துல எது யாருக்குச் சொந்தம்? ரெண்டு பேருக்கும் தனித்தனியா தோணியிருக்கலாமே” என்றார். நோட்டை எடுத்துப்போனீர்களே என்றேன். எடுத்தது ஞாபகம் இருக்கிறதாம், படித்தது ஞாபகம் இல்லையாம். கடைசியில் ஒரு வார்த்தை: “ஆதாரம் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க பாய், அடுத்த கட்டுரையில ஒரு அடிக்குறிப்பு போட்டுடலாம்.”

அடிக்குறிப்பு. பதிமூன்று வருடத்துக்கு.

17 ஆகஸ்ட், ஞாயிறு

மலரின் கடைசிப் பக்கத்தில் உறுப்பினர் முகவரி எல்லாம் இருக்கிறது. முப்பத்து நான்கு பேருக்கும் கார்டு எழுதிப் போட்டுவிட்டேன். உண்மை இன்னது, திருடியவர் இன்னார்.

இவர்களுக்கு எழுதியதே வீண் என்று இப்போது தோன்றுகிறது. கூட்டத்தன்று எல்லார் மடியிலும் இருந்த ஜெராக்ஸ் கட்டுகளைப் பார்த்தேன். மேலே இருபது தாளில்தான் கைபட்ட கறை. கீழே எல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி வெள்ளை. உரக்கடை இளவரசு தன் ஜெராக்ஸ் கட்டைக் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார். கீழே இருபது பேர் “ஆழமான வாசிப்பு” என்கிறார்கள். எதன் ஆழம், டம்ளரின் ஆழமா? யாரும் படிக்காத எழுத்தாளரைத் தனக்குப் பிடிக்கும் என்று சொல்வது ஒரு சௌகரியம். படித்தாயா என்று கேட்க ஆள் இருக்காது.

அடி முதல் நுனி வரை கறைபட்ட கட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் வெண்மதி என்கிற பெண்ணுடையது. கண்ணைத் துடைத்ததும் அவர்தான்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

வெண்மதி வந்திருந்தார். கார்டு கிடைத்ததாம். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். எனக்காகச் சாட்சி சொல்ல ஒருத்தியாவது வந்தாளே என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அதே நாவல், அதே நீல அட்டை. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் பழைய புத்தகக் கடையில் தேடி வாங்கி அனுப்பினாராம்.

“பாய், நீங்க கோவிச்சுக்கக் கூடாது. இதுல ஆக்னஸ் சாகறதுக்கு முன்னாடிதான் மாவு பிசையறாங்க. செத்த பிறகு எங்கயும் வரல. ரெண்டு தரம் படிச்சுப் பாத்துட்டேன்.”

வேறு பதிப்பாக இருக்கும் என்றேன். மலிவுப் பதிப்பில் கை வைத்திருப்பான் என்றேன். அவர் இரண்டு புத்தகத்தையும் திறந்து பக்கத்தில் வைத்தார். ஒரே வருடம், ஒரே அச்சகம். எழுத்துக்கு எழுத்து ஒன்று. அந்தப் பதினாறு பக்கம் மட்டும் அவருடையதில் முன்னால் இருக்கிறது. என்னுடையதில் நூறு பக்கம் பின்னால்.

ஸ்ரீதர் அனுப்பினாரா என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் எழுந்தார். புத்தகத்தை மேஜைமேலேயே விட்டுவிட்டு, ஆரிபாவிடம் சொல்லிக்கொண்டு போய்விட்டார். வாசலில் மட்டும், “இத நான் யார்ட்டயும் சொல்லல பாய்” என்றார்.

சொல்லாமல் இருப்பது பரிதாபமா? அதுவும் என் மேலா?

25 ஆகஸ்ட்

கொளஞ்சிதான் காரணம். குடிகாரன். கோர்ட்டுக் கட்டைத் தைத்துத் தைத்து நாவலையும் கேஸ் கட்டு என்று நினைத்துவிட்டான். காலையிலேயே மஞ்சக்குப்பம் போய், கடையில் நாலு பேர் இருக்கும்போதே கேட்டேன்.

அவன் எழுந்திருக்கக்கூட இல்லை. புத்தகத்தை வாங்கி மடிப்பை விரித்துக் காட்டினான். பதினாறு பக்கம் சேர்ந்த மடிப்பை அவன் பாரம் என்பான். ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்திலும், தையலை ஒட்டி, பென்சிலில் ஒரு எண்.

“நான் படிக்காம தைக்கறவன் பாய். கோர்ட்டுல ஒரு தாள் மாறுனா என் சோறு போயிடும். அதனால நம்பர் போட்டுத் தராத கட்ட நான் தொடறதே இல்ல. இது யாரு கையெழுத்து, சொல்லுங்க?”

என் கையெழுத்து.

இருபத்தேழு என்று போட்டிருக்கும் பாரம்தான் அது. இருபத்தொன்றாக இருந்திருக்க வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் ரப்பரால் அழித்த தடம். அதைக் கொளஞ்சி வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினான். ஒரு கேள்விக்குறி இருந்திருக்கிறது. நானே போட்டு, நானே அழித்திருக்கிறேன்.

27 ஆகஸ்ட்

ஆரிபாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. புயலுக்குப் பிறகு பதினைந்து நாள் கரண்ட் இல்லை. ஃபேன் இல்லாததால் மொட்டைமாடியில் துணிக் கொடிக்குக் கீழே பரப்பிக் காயவைத்தோம்.

“காத்துல ஒரு கட்டு பறந்துபோயி, அடுத்த வூட்டுல வுழுந்து கெடந்த முருங்கமரத்துல மாட்டிக்கிச்சு. மறுநா காலையிலதான எடுத்தாந்தீங்க. எங்க வெக்கிறதுன்னு அன்னிக்கு ராத்திரி பூரா பொலம்புனீங்களே” என்றாள்.

இத்தனை வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கேட்கவில்லையாம்.

மரத்திலிருந்து எடுத்த தாளை ஒரு யூகத்தில் செருகினேன். வாக்கியம் நடுவில் முறிந்து வேறெங்கோ தொடங்குவதைப் பார்த்து, இதுதான் மேதைமை என்று நாற்பது பக்கம் விளக்கம் எழுதினேன். அமெரிக்க விமர்சகர் ஒருவரும் கவனிக்கவில்லையாம். எப்படிக் கவனிப்பார்கள்? முருங்கைமரம் என் தெருவில் அல்லவா விழுந்தது.

1 செப்டம்பர், திங்கள்

வெண்மதியின் புத்தகத்தை நான்கு நாளில் முடித்தேன். ஆக்னஸ் மாவு பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைக்கிறாள். பிறகு சாகிறாள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் ஒருவரும் அந்தப் பாத்திரத்தைத் தொடுவதில்லை. தொண்ணூறு பக்கம் அது அங்கேயே இருக்கிறது. கடைசியில் அணைத் தண்ணீர் வந்து எடுத்துக்கொண்டு போகிறது. என் பிரதியில் இந்தப் பாத்திரம் எனக்குப் புரிந்ததே இல்லை. அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார் என்று தாண்டிப்போனேன்.

அவள் திரும்பி வருவதில்லை. ஹெல்ஸ்டெட் பொய் ஆறுதல் கொடுக்கிற மனுஷன் இல்லை. நான்தான் கொடுத்திருக்கிறேன்.

இப்போது ஸ்ரீதர் கேட்ட ஆதாரம் என்னிடம் இருக்கிறது. உலகத்தில் என் பிரதியில் மட்டும் இருக்கும் தப்பு அவர் வாயிலிருந்து வந்திருக்கிறது. இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் திருடனைப் பிடித்துப் பையைத் திறந்தால் உள்ளே இருப்பது கவரிங் நகை. அதுவும் என் வீட்டு நகை.

ஆரிபா கேட்கிறாள்: “அந்தப் பொம்பள திரும்பி வந்தது எல்லாருக்கும் புடிச்சுதான இருந்துச்சு? வுட்டுடுங்களேன்.”

விடுவதா?

6 செப்டம்பர், சனி

சிதம்பரத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். கார்டுகள் வேலை செய்திருக்கின்றன. இளவரசும் வேறு சிலரும் ஸ்ரீதரை நெருக்கியிருக்கிறார்கள். நான் உள்ளே நுழைந்ததும் அவரே மைக்கைப் பிடித்தார். இந்தக் கண்டுபிடிப்புக்கு முதல் சொந்தக்காரர் நம் இஸ்மாயில் பாய், எட்டாம் வகுப்புப் படித்த மாமேதை என்றார். கையில் பொன்னாடை. வந்திருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஆகஸ்ட் மாதம் முழுக்க நான் கேட்டது இதைத்தான். முழுசாகக் கிடைத்தது. வெண்மதி மட்டும் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பெண் கடைசிவரை வாய் திறந்திருக்க மாட்டார்.

பொன்னாடையைக் கையால் தள்ளினேன். மேடைப் பேச்செல்லாம் எனக்கு வராது. எழுதி எடுத்துப்போன தாளும் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. “சார் சொல்றது சரி. இது என்னோடதுதான். சாருக்கு இதுல பங்கு இல்ல. ஹெல்ஸ்டெட்டுக்கும் இல்ல” என்றேன். பிறகு புயல், மாடி, முருங்கைமரம், ரப்பர், எல்லாம்.

இளவரசு சிரித்தார். நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும், கட்டின் அடித்தாள் வெள்ளையாக இருப்பவர்கள் அவர்கள். ஸ்ரீதர் பொன்னாடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக, “அப்படியும் ஒரு வாசிப்பு சாத்தியம்தானே பாய்” என்றார்.

இல்லை என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

7 செப்டம்பர், ஞாயிறு

செய்ய வேண்டியவை.

ஸ்ரீதர் தன் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். யாருடைய பிரதி, யாருடைய நோட்டு, யாருடைய தப்பு என்று மூன்றையும் பெயர் போட்டு எழுத வேண்டும். அடிக்குறிப்பில் அல்ல.

வட்டத்தார் முப்பத்து நான்கு பேரும் இருபத்தேழாவது பாரத்தை உருவி இருபதுக்குப் பிறகு வைக்க வேண்டும். அதற்காகவாவது அதுவரை புரட்டுவார்கள்.

கொளஞ்சி என் புத்தகத்தின் தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். எண்ணை வெண்மதி போட்டுக் கொடுக்க வேண்டும், நான் வேண்டாம். நாலு பேர் முன்னால் அவனைப் பேசியதற்கு நாலு பேர் முன்னாலேயே நான் போய்ச் சொல்ல வேண்டும்.

வெண்மதி அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும். நாற்பது நிமிடம்.

ஆரிபா மாடியில் எதைக் காயப்போட்டாலும் மேலே ஒரு கல் வைக்க வேண்டும்.

ஹாமித் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து என்னோடு கபரஸ்தானுக்கு வர வேண்டும். உம்மாவின் கபுர் எந்த வரிசையில் இருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும்.