காற்றைப் பற்றி உன்னிடம் சொல்லாத ஒரு வாரம்

அண்ணா,

இன்று காலை தண்ணீர்க் குடம் மறுபடியும் சாய்ந்துவிட்டது. உன் வண்டியின் வளைந்த முன் ரிம்மை அம்மா குடத்துக்குப் பிரிமணையாக வைத்திருக்கிறாள். நம் கோட்டைக்குப்பத்தில் வேறு யார் வீட்டிலும் அலுமினியப் பிரிமணை கிடையாது. அதன் ஒரு பக்கம் உள்ளே மடங்கியிருப்பதால் குடம் நிறைந்ததும் அந்தப் பக்கமாகச் சாயும்; லாரித் தண்ணீரில் கால்வாசி மணலுக்குப் போய்விடும். "வேற ஏதாவது வெக்கலாமே" என்றேன். "இருக்கட்டும் வுடு" என்று சொல்லி, ஓர் ஓட்டாஞ்சில்லை அடியில் அடை கொடுத்தாள். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. இந்த வீட்டில் உன்னைப் பற்றிய பேச்சு இவ்வளவுதான்.

குடத்தை எடுத்துவிட்டு ரிம்மின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். நீ கட்டைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திய இடங்கள் சின்னப் பள்ளங்களாக விரலில் தட்டுகின்றன. உன்னிடம் சொல்லாமல் வைத்துக்கொண்ட ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? கடற்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டியவர் கடையை மூடிக்கொண்டு போகும்போது, ஓடாமல் கிடந்த அந்த நாலு சக்கர பைக்கை உன் தலையில் கட்டிவிட்டுப் போனார். படகு இன்ஜின் பார்க்கிற கை உனக்கு. பத்தே நாளில் உறும வைத்துவிட்டாய். நைனா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"வலை இழுக்குமா?"

"இழுக்காது நைனா."

"படகு தள்ளுமா?"

"தள்ளாது."

"அப்ப இன்னாத்துக்குடா இது?"

"குதிக்கும் நைனா" என்றாய். அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள்.

குதிக்கத்தான் அதை ஓட்டிப் போனாய். திருவள்ளூரைத் தாண்டி, மேடும் பள்ளமுமாக மண்ணை வெட்டிப் போட்ட மோட்டோகிராஸ் தடம். உன் கூட்டாளி ஜோசப் தன் மீன் வண்டியில் அதை ஏற்றிக்கொண்டு வருவார். மூன்று முறை போனாய். மூன்று முறையும் பந்தயத்தைப் பாதியில் விட்டாய். பெரிய மேட்டிலிருந்து பறந்து இறங்கும்போது முன் சக்கரத்தின் ரிம் மடங்கும், காற்று போகும், நீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவாய். "இன்னாடா, போறப்ப நாலு சக்கரம், வர்றப்ப மூணேகாலா?" என்று ஜோசப் கிண்டல் செய்வார். நீயும் சிரிப்பாய். வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் மட்டும் சொன்னாய்: "ஃபர்ஸ்ட்டு வரணும்னுலாம் இல்ல. ஒரே ஒரு தபா முடிக்கணும்."

ரிம்தான் பலமில்லை என்று முடிவு செய்தாய். போனை என் கையில் கொடுத்து, "டீச்சரம்மா, எல்லாம் இங்கிலீஷ்ல கீது. படிச்சி சொல்லு. எது ஸ்ட்ராங்குனு பாத்து ஒண்ணு வாங்கிடலாம்" என்றாய்.

பள்ளி திறந்த மாதம் அது. சாயங்காலம் வந்ததும் சீருடைகூட மாற்றாமல் உன் இன்ஜின் கொட்டகைக்கு ஓடிவருவேன். கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகின் மேல் உட்கார்ந்து படிப்பேன். நீ ஸ்பேனரை வைத்துவிட்டுக் கேட்பாய். இரும்பு ரிம் வேண்டும் என்று நின்றாய். கனமாக இருந்தால்தான் உறுதி என்பது உன் கட்சி. சக்கரம் கனத்தால் மேட்டில் இறங்கும்போது ஸ்பிரிங் சட்டென்று திரும்பாது, திருப்புகிற கையும் வலிக்கும் என்று நான் வாதாடினேன். "நம்ம உப்புக் காத்துல இரும்பு எத்தினி நாள் தாங்கும்?" என்று கேட்டதும் தலையைச் சொறிந்தாய். தடித்த அலுமினியம், விளிம்பைச் சுற்றி உள்பக்கம் இன்னொரு வளையம் வைத்துப் பற்றவைத்தது, போல்ட் துளை நான்கு, சக்கரம் அச்சிலிருந்து எவ்வளவு வெளியே தள்ளி நிற்க வேண்டும் என்பது வரை என் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் எழுதினேன். என் ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால்தான் நீ பழைய ரிம்மை அளந்தாய்.

அண்ணா, பள்ளியில் என் பக்கத்தில் யாரும் விரும்பி உட்காருவதில்லை. எனக்குத் தெரிந்த எதுவும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அந்தக் கொட்டகையில்தான் ஒருவர் என் முகத்தைப் பார்த்து, "சொல்லு, அப்பால?" என்று கேட்டார்.

ஒரு திங்கட்கிழமை அந்த வரியைப் படித்தேன். ரிம்மைக் குறை சொல்லும் முன் டயரில் காற்று போதுமா என்று பார்க்கச் சொல்லியிருந்தது. காற்று குறைவாக இருந்தால் குதித்து இறங்கும்போது டயர் நசுங்கி, ரிம் நேராகத் தரையில் மோதும். எனக்கு உடனே விளங்கிவிட்டது. மணலில் வண்டி ஓட்டுகிற நம்மூர்க்காரர்கள் எல்லாரும் செய்வதைத்தான் நீயும் செய்துகொண்டிருந்தாய். மணலில் இறங்கும் முன் காற்றை இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் சக்கரம் புதையும். அது உன் கையில் ஊறிப்போன பழக்கம். மூன்றாவது பந்தயத்துக்கு நானும் வந்திருந்தேனே, பார்த்தேன். அங்கே தரை இறுகிப்போன மண். ஆனாலும் வண்டியை இறக்கியதும் முதல் வேலையாகக் காற்றைப் பிடுங்கிவிட்டு, கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்து, சரி என்று தலையாட்டினாய்.

அந்த வரியை உனக்குப் படித்துக் காட்டாமல் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன்.

ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். காற்றுதான் கோளாறு என்றால் ரிம் தேட வேண்டாம். ரிம் தேட வேண்டாம் என்றால் சாயங்காலங்கள் வேண்டாம். இன்னும் ஒரு வாரம் போகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்காவது பந்தயம். நீ காற்றை இறக்கும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது சுற்றில் ரிம் மடங்கியது. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாய். அன்றைக்கு ஜோசப்கூடக் கிண்டல் செய்யவில்லை.

திரும்பி வரும் வழியில், அப்போதுதான் தோன்றியதைப் போல, "அண்ணா, மணல்ல இறக்குற மாதிரி இங்கயும் காத்த இறக்குறியே, அதனால இருக்குமோ?" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஜோசப் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "டேய், உன்ன ரோட்டுல வுட்டாக்கூட துடுப்பு போடுவடா!" நீ தலையில் அடித்துக்கொண்டு, "பாத்தியாடா என் தங்கச்சி மூளைய?" என்றாய். அந்தப் பாராட்டு இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

மடங்கித் தட்டி நிமிர்த்திய அலுமினியம் பழைய பலத்துக்குத் திரும்பாது என்று படித்துச் சொன்னேன். அதனால் நாம் தேர்ந்தெடுத்த வளையம் வைத்த ரிம்மையே வரவழைத்தாய். ஐந்தாவது பந்தயத்தில் இறங்கும் முன் காற்றை நானே அளந்தேன். ஒன்பது பேர் ஓடினீர்கள், நீ ஒன்பதாவது. முடித்தாய். புழுதி முகத்தோடு ஓடிவந்து முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ஒரு குச்சியை விளிம்போரம் பிடித்து, "பாரு டீச்சரம்மா, ஆடவே இல்ல!" என்று கத்தினாய். அப்போதே சொல்லியிருக்கலாம். உன் சந்தோஷத்தில் மண் விழக்கூடாது, அடுத்த பந்தயம் முடியட்டும் என்று விட்டேன்.

ஐப்பசியில், முகத்துவாரத்தில் இன்ஜின் நின்றுபோன ஒரு படகைக் கொண்டுவர நீ போனாய். படகு மட்டும் வந்தது.

தெரிந்திருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். "ஒரு ரேஸ்தானே, போனா போவுது வுடு" என்று தலையில் குட்டியிருப்பாய். ஆனால் உனக்குக் கிடைத்ததே ஐந்து பந்தயம், அண்ணா. அதில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் எனக்கு ஒன்று தெரிந்தால் வாய் நிற்பதில்லை. வகுப்பில் கேள்வி முடியும் முன் எழுந்துவிடுகிறேன். முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள்; முன்பு தனியாக உட்கார்ந்திருந்த பெஞ்சில் இன்னும் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் வண்டியை வாங்க சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒருவர் வந்தார். அவரும் பந்தயத்துக்குத்தான் கேட்டாராம். நைனா சாவியை எடுக்க உள்ளே போனார். நான் வந்தவர் முன்னால் போய் நின்று, மணலில் காற்றை இறக்கலாம், மண் தடத்தில் இறக்கவே கூடாது, இறக்கினால் எந்த ரிம்மும் தாங்காது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். எவ்வளவு காற்று என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன்.

அவர் தாளை வாங்கிக்கொண்டு சிரித்தார். "இன்னாம்மா, நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலியே."

ஆமாம் அண்ணா. யாரும் கேட்பதில்லை.