தொட்டிக்குள் நீ உட்கார்ந்திருந்த மதியம்

பதில் வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நீ பக்கத்தில் இருந்தபோதே பாதிப் பேச்சை விழுங்கியவள் நான். இன்று காலை குளியலறையில் மறுபடி உதிர்ந்த பூச்சை அடைக்கத் தனி ஆளாக வெள்ளை சிமெண்ட் குழைத்தேன். அந்த ஈர வாடை எழுந்ததும் கை நின்றுவிட்டது.

திண்டிவனத்தில் நாம் குடியிருந்த அதே அறையில்தான் இருக்கிறேன். முன்பு இங்கிருந்த டாக்டர் புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்து பதித்த பீங்கான் தொட்டியும் இருக்கிறது. அதில் படுத்துக் குளிக்க நமக்கு ஏது தண்ணீர்? காலையில் சற்று நேரம் வரும் குழாய்த் தண்ணீரை அதில் பிடித்து வைத்து, பக்கத்தில் நின்று மொண்டு ஊற்றிக்கொள்வோம்.

தொட்டியின் விளிம்பும் சுவரும் சேரும் இடத்தில் பூச்சு உதிர்ந்தது நமக்குத் தெரியவில்லை. வீட்டுக்கார அம்மாவுக்குத்தான் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் அடுக்கியிருந்த வேர்க்கடலை மூட்டைகளில் ஈரம் ஏறியிருந்தது.

“விதைக்கு வச்ச மல்லாட்டைம்மா. மூட்டையிலயே மொளை உட்டுகினு இருக்குது. ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா காலி பண்ணிக்கினு போங்க.”

“கொத்தனாரக் கூப்புடுறீங்களாம்மா?” என்று கேட்டாய்.

“குளிக்கிறது நீங்கதான? நீங்களே பாருங்க.”

தனியாக இருந்து வேலைக்குப் போகும் இரண்டு பெண்களுக்கு வேறு யார் வீடு கொடுப்பார்கள்? அறை போனால் அப்பா என்னை ஊருக்கு அழைத்துப்போய்விடுவார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவளின் வேலை அத்தோடு முடியும். நான் அழுதுகொண்டிருந்தபோது நீ கடைக்குப் போய் வெள்ளை சிமெண்ட் வாங்கிவந்தாய்.

சனிக்கிழமை பழைய பூச்சின் மேலேயே அப்பினோம். மறுநாள் காலை தண்ணீர் நிறைந்ததும் நீளமாக விரிசல் விட்டது. பதறிப்போய் வாளி வாளியாக இறைத்துக் கொட்டினோம். நடுவில் நீ குனிந்து பார்த்தாய்.

“தண்ணி கொறையக் கொறைய விரிசல் மூடிக்குது பாருடி. நெறைஞ்சா தொட்டி கீழ எறங்குது. காலியா இருக்கும்போது பூசினா எப்படி நிக்கும்?”

அதற்குள் தொட்டி காலி, குழாயும் நின்றுவிட்டது. பழையதைக் கத்தியால் ஒட்டச் சுரண்டித் துடைத்தோம். பிறகு நீ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மடியில் ஆட்டுக்கல் குழவியோடு தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டாய்.

“தண்ணிக்கு பதிலா நான். ஜல்தியா பூசு. பி.ஏ. அம்மா நீ உக்காந்தா தொட்டிக்குத் தெரியக்கூடத் தெரியாது.”

பூசி முடிக்கும்போது கதவு தட்டப்பட்டது.

“நீயே போய் பேசு. நான் எழுந்தா எல்லாம் போச்சு.”

வெள்ளைக் கைகளோடு போய் நின்றேன். “இன்னாம்மா, மூட்டை கட்டியாச்சா?” என்றார் வீட்டுக்கார அம்மா.

“இல்லைங்கம்மா. நாங்க போகலைங்க. நாளைக்குத் தொட்டி நெறையத் தண்ணி புடிக்கிறேன். நீங்களே அந்தப் பக்கம் நின்னு பாருங்க. சுவர் நனைஞ்சா நானே சாவியக் கொடுத்துடறேன்.”

“நீ பேசுவியா? அந்த வாயாடி எங்க?”

“தொட்டியில குந்திகினு இருக்குறேங்கம்மா,” என்று உள்ளிருந்து நீ குரல் கொடுத்தாய்.

அவர் வந்து உன்னையும் குழவியையும் பார்த்தார். சிரிக்கவில்லை. “எவ்ளோ நேரம் இப்டியே இருப்ப?” என்று கேட்டுவிட்டுப் போய், காய்ந்த மூட்டை ஒன்றைத் தரதரவென்று இழுத்து வந்தார். உன் இடத்தில் இரவெல்லாம் மல்லாட்டை மூட்டை உட்கார்ந்திருந்தது. மறுநாள் சுவர் நனையவில்லை.

பூச்சு போனால் போகட்டும் என்று எழுந்து வந்து எனக்காகப் பேசியிருக்க உன்னால் முடியும். வராமல் இருந்தாயே, அதற்குத்தான் என் நன்றி. இப்போது அலுவலகத்தில் யாருக்காவது மேலாளரிடம் கேட்க வேண்டியிருந்தால் என்னைத்தான் அனுப்புகிறார்கள். உள்ளங்கை இன்னமும் வியர்க்கிறது. ஆனாலும் போகிறேன்.

காமாலை உன்னைக் கொண்டுபோனபின் இந்த அறையில் நான் மட்டும்தான். அலுவலகத்தில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். தினமும் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். திரும்பிப்போக இருட்டிவிடுவதால் வீட்டில் வேலையை விடச் சொல்கிறார்களாம். அவளை இங்கே சேர்த்துக்கொள்ள வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுவிட்டேன். “கட்டில் சும்மாதான கெடக்குது, வரட்டும்,” என்றார்.

அவளிடம்தான் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. உன் கட்டிலை அவளுக்குக் கொடுக்கட்டுமா?