கரும்பாறை மடத்தின் மூன்றாம் பாகம்

பாதிரியார் இல்லம், வின்ஃபோர்டு,
டார்செட்.
1797 நவம்பர் 4

அன்புள்ள அக்கா தாமசினுக்கு,

தங்கை லெட்டிஸ் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். பாத் நகரத்து வெந்நீர் ஊற்று உன் முட்டிவலிக்கு ஏதாவது செய்ததா, இல்லை அதுவும் வெறும் பேச்சுதானா? நான் இரண்டு கடிதம் போட்டால் நீ ஒன்று போடுகிறாய், அதிலும் பாதிப் பக்கம் வானிலை. அங்கே அப்படி என்னதான் எழுதிக் கிழிக்கிறாயோ, விரலெல்லாம் மையென்று உன்னைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்கிறார்கள்.

ஆம்ப்ரோஸுக்கு இருமல் தேவலை. பன்றி அடித்தாகிவிட்டது, உனக்கும் ஒரு தொடை உப்புப் போட்டு வைத்திருக்கிறேன். மாமியார் குளிர்காலம் முழுக்க எங்களோடு இருக்க வந்துவிட்டார். தன் சாய்வு நாற்காலியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதிலிருந்தே எத்தனை நாள் இருப்பார் என்று புரிந்துகொள்.

செவ்வாய்க்கிழமைதான் எங்களுக்குத் திருவிழா. தேநீர் ஆனதும் மாமியாரும் மருந்துக்கடைக்காரர் மனைவி திருமதி ட்ரிக்கும் தையலை எடுத்துக்கொள்வார்கள், நான் நாவல் வாசிப்பேன். வாடகை நூலகத்திலிருந்து "கரும்பாறை மடம்" வந்திருக்கிறது. மூன்று பாகம். எழுதியவள் பெயர் இல்லை, "ஒரு சீமாட்டி எழுதியது" என்று மட்டும் போட்டிருக்கிறது. இத்தாலி மலைமேல் பேய் நடமாடும் ஒரு மடம், அதில் பெனடெட்டா, ஃபியாமா என்று அக்காளும் தங்கையும். அந்தச் சீமாட்டி இத்தாலியைக் கண்ணால் பார்த்தவள் இல்லை என்பது நிச்சயம். அவ்வளவு பெரிய மலையில் ஏறுகிறார்கள், ஒருத்திக்கும் மூச்சு வாங்கவில்லை. "சன்னலை ஒழுங்காச் சாத்தினா பாதிப் பேய் போயிடும்" என்கிறார் மாமியார். ஆனால் நான் நிறுத்தினால் அவருக்குத்தான் முதலில் கோபம் வருகிறது. பிரசங்க மேடையில் நாவலை விஷம் என்று சொன்ன என் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸ், செவ்வாய்தோறும் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டு மூலையில் உட்காருகிறார். ஒரு பக்கத்தைக்கூடத் திருப்புவதில்லை.

இரண்டாம் பாகம் முடிந்துவிட்டது. ஃபியாமாவுக்கு ஒரு கடற்படைக்காரன் ஆள் அனுப்பியிருக்கிறான். மூன்றாம் பாகம் வேறு யாரிடமோ இருக்கிறது, பதினான்காம் தேதி எங்களுக்குக் கிடைக்கும். அந்தச் சீமாட்டி நமக்குத் தெரிந்தவளாக இருந்தால் எவ்வளவு பெருமையாக இருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸுக்காவது வா.

உன் அன்புத் தங்கை,
லெட்டிஸ் ஹார்வுட்

•

பாத்.
நவம்பர் 11

அன்புள்ள லெட்டி,

உன் கடிதம் கண்டேன். முட்டி அப்படியே இருக்கிறது. பன்றித் தொடைக்கு நன்றி. உனக்கு ஒரு மஸ்லின் துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

அவசரமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த நாவலின் மூன்றாம் பாகத்தை வாசிக்க வேண்டாம். இங்கே தெரிந்தவர்கள் வாசித்துவிட்டு நன்றாக இல்லை என்கிறார்கள். முதல் இரண்டு பாகத்தின் தரம் அதில் இல்லையாம். பெரியவர்கள் இருக்கும் கூடத்தில், அதுவும் பாதிரியார் வீட்டில் வாசிக்கக்கூடியது இல்லை. மழையில் நனைந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடு. கதையின் முடிவு வேண்டுமானால் நானே கேட்டு எழுதுகிறேன்.

உனக்கே ஆசையாக இருந்தால் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு வாசி. உன் மாமியார் முன்னால் மட்டும் வேண்டாம். இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. அந்தச் சீமாட்டியை அவ்வளவு புகழவும் வேண்டாம்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
தாமசின்

•

வின்ஃபோர்டு.
நவம்பர் 16

அக்கா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. வாசிப்பு செவ்வாய்க்கிழமை நடந்துவிட்டது.

ஃபியாமா ஓடிப்போகத் திட்டமிட்டு, காலணிகளை முந்தின நாளே மடத்து ரொட்டி அடுப்பில் ஒளித்துவைக்கிறாள். விடியுமுன் சமையல்காரி தெரியாமல் அடுப்பை மூட்டிவிடுகிறாள். தோல் கருகுகிற நாற்றம் வருகிறது. இதை நான் என் வாயாலேயே வாசித்தேன், எல்லோருக்கும் கேட்கும்படி, குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. உடம்பெல்லாம் கூசிப்போய் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினேன். மாமியாருக்கா தெரியாது? "லெட்டி, தாள் ஒட்டிக்கிச்சு பாரு. அந்த ஷூ என்னாச்சுன்னு தெரிய வேணாமா? இங்க கொடு" என்று வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே வாசித்தார்.

வெறுங்காலோடு ஃபியாமா கிளம்புகிறாள். பெனடெட்டா வாசற்படியில் மண்டியிட்டு, போகாதே என்று அழுகிறாள். தங்கை அவளைத் தாண்டிக்கொண்டு போகிறாள். துறைமுக விடுதியில் இரண்டு நாள் காத்திருக்கிறாள், அவன் வரவில்லை. வெட்கம் தாங்காமல் விடுதிக் கிணற்றில் விழுகிறாள். திருமதி ட்ரிக் தையலை நனைத்துக்கொண்டு அழுதாள். மாமியார் புத்தகத்தை மூடி, "செத்ததே நல்லதாப் போச்சு. உசுரோட இருந்தா அவளை எந்த வீட்ல சேர்ப்பாங்க?" என்றார்.

எல்லோரும் ஆமாம் என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா, எல்லோருக்கும் முந்திச் சிரித்தேன். பதினேழு வயதில் வேமத் துறைமுக விடுதியில் ஒரு கடற்படைக்காரனுக்காகக் காத்திருந்த பெண்ணைப் பார்த்து நானே சிரித்தேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அப்பா என்னைக் கூட்டிவந்து, அத்தை வீட்டில் இருந்தபோது எனக்கு அம்மை போட்டிருந்தது என்று ஊருக்குச் சொன்னார். ஆம்ப்ரோஸும் அதைத்தான் நம்புகிறார். நம் வீட்டு அடுப்பில் என் காலணி எரிந்தது தெரிந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது நீயும் நானும்தான். சீமாட்டி யார் என்று இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

உன் விரலில் ஏன் மை என்பதும் புரிந்துவிட்டது. நான் கிணற்றில் விழவில்லை அக்கா. இன்று காலையில்கூட ரொட்டி சுட்டேன். என்னை ஏன் கொன்றாய்?

லெட்டிஸ்

•

பாத்.
நவம்பர் 21

என் கண்ணே லெட்டி,

எழுதியது நான்தான். உன்னிடம்கூடச் சொல்லாமல் ஒளித்ததும் நான்தான். என்ன சொல்லித் திட்டினாலும் பட்டுக்கொள்கிறேன், கடிதம் போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

நான் மலையைப் பார்த்ததில்லை, மடத்தைப் பார்த்ததில்லை, ஒரு துறவியோடு பேசியதில்லை. எல்லாம் பிறர் புத்தகங்களிலிருந்து பொறுக்கியது. மூன்று பாகத்திலும் நான் என் கண்ணால் பார்த்தது அந்த அடுப்பு ஒன்றைத்தான். அதை எழுதும்போது மட்டும் பேனா தானாக ஓடியது. இத்தாலிக்குக் கொண்டுபோய்விட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். உன் வீட்டுக் கூடத்துக்கே அது வந்து சேரும் என்று நினைக்கவில்லை. இவ்வளவு முட்டாளா ஒருத்தி என்று கேட்பாய். உன் கடிதம் வந்த நாளிலிருந்து கண்ணாடி முன்னால் நிற்கவே வெட்கமாக இருக்கிறது.

ஏன் கொன்றாய் என்று கேட்டிருக்கிறாய். இப்படிப்பட்ட பெண்கள் நாவலில் சாகத்தான் வேண்டும், வாசகர்கள் வேறு எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நானும் வேறு எதையும் யோசிக்கவில்லை. அந்த அத்தியாயம் எழுதிவிட்டு அழுதேன். அழுதபோது சந்தோஷமாகவும் இருந்தது, நன்றாக வந்திருக்கிறது என்று. இதை உன்னிடம் சொல்ல நாக்கூசுகிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். புத்தகம் நன்றாக விற்றிருக்கிறது. இரண்டாம் பதிப்பில் என் பெயரைப் போடுகிறேன் என்கிறார் பதிப்பாளர். "செல்வி தாமசின் பெல்" என்று அச்சில். நான் சின்னப் பெண்ணாயிருந்த காலத்திலிருந்து ஆசைப்பட்டது இது ஒன்றுதான் என்று உனக்குத் தெரியும். ஆனால் என் பெயர் வந்தால், ஃபியாமா யார் என்று உங்கள் ஊரில் விரலை நீட்டிவிடுவார்கள். நீ வேண்டாம் என்றால் போடவில்லை. சாகும்வரை சீமாட்டியாகவே இருந்துவிடுகிறேன். எனக்குத் தெரியாமல் உன்னைக் காயப்படுத்தினேன், தெரிந்தே செய்ய மாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

•

வின்ஃபோர்டு.
டிசம்பர் 3

அன்புள்ள அக்கா,

ஆம்ப்ரோஸிடம் சொல்லிவிட்டேன்.

உனக்காகச் சொல்லவில்லை. அந்தச் செவ்வாய்க்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, மாமியார் வாயைத் திறந்தாலே திடுக்கிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்து அங்கியை மடித்துக்கொண்டிருந்தார், நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். வெளியே போனார். மறுநாள் மத்தியானம் வரை பேசவில்லை. நான் துணிமணியை எடுத்துவைக்க வேண்டியதுதான் என்றே இருந்தேன். சாப்பாட்டில் ரொட்டியை நறுக்கினார், எனக்குப் பிடிக்கும் முறுகல் துண்டை என் தட்டில் வைத்தார். அப்புறம் மெல்லக் கேட்டார்: "அந்த விடுதியில ரெண்டு நாள் என்ன சாப்பிட்டே?"

பட்டாணிச் சூப் என்றேன். இத்தனை வருஷத்தில் அதை ஒருவரும் கேட்கவில்லை அக்கா. அப்பா கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

மாமியாருக்கும் அவரே சொல்லிவிட்டார். மாமியார் மூன்று நாள் தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள், உப்புக்கண்டம் கரிப்பாக இருக்கிறது என்று என்னைத் திட்டினார். எனக்கு உயிர் வந்தது.

ஆகவே உன் பெயரை ஊரறியப் போட்டுக்கொள். விரல் நீட்டுகிறவர்கள் நீட்டட்டும், எனக்குப் பயமில்லை. உன் ஆசையைப் பறித்தேன் என்ற பேச்சும் வேண்டாம். எனக்கு இரண்டே விஷயம் வேண்டும். முதலாவது, அந்தப் பெண் சாக வேண்டாம்.

இரண்டாவதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய், அதற்கு மட்டும் கேட்கவில்லை. பெனடெட்டா மண்டியிட்டாள், அழுதாள், தடுத்தாள். நீ அப்படியா செய்தாய்? என் காலணி எரிந்து நான் வெறுங்காலோடு நின்றபோது நீ படியிறங்கி வந்தாய். உன் காலணியைக் கழற்றினாய். உன் கால் பெரிது என்று விரல் பக்கம் கம்பளியைத் திணித்துக் கொடுத்தாய். "என் ஷூவைப் போட்டுக்கிட்டு ஓடு, நமக்குள்ள ஒருத்தியாவது போகட்டும்" என்றாய். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த இரண்டு நாளும் நான் அந்தக் கிணற்றுப் பக்கம் போகாமல் இருந்தேன்.

அதை ஏன் எழுதவில்லை? அதையும் எழுது. உன் பெயருக்குக் கீழே அது இருக்கட்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

உன் தங்கை,
லெட்டி

•

பாத்.
1798 பிப்ரவரி 20

கண்ணே லெட்டி,

ஓட்டமும் நடையுமாக எழுதுகிறேன். இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது, மூன்று பாகமும் இத்துடன் வண்டியில் அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தைத் திறந்து பார். அந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன், மை இன்னும் வாசனையாக இருக்கிறது. இங்கே குளியல் மண்டபத்தில் என்னைச் சுட்டிக்காட்டிப் பேசுகிறார்கள்.

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன், ஏறக்குறைய. ஃபியாமா பிழைத்துவிட்டாள், பதிப்பாளரிடம் சண்டை போட்டுத்தான் காப்பாற்றினேன். மற்றதை நேரில் பேசிக்கொள்வோம். பெயர் போட்டு எழுதுகிறவளை வேறு கண்ணால் பார்க்கிறார்கள், உனக்குப் புரியும்.

ஈஸ்டருக்கு வருகிறேன்.

உன் அக்கா,
தாமசின் பெல்

•

வின்ஃபோர்டு.
மார்ச் 7

அன்புள்ள தாமசின் அக்காவுக்கு,

புத்தகங்கள் பத்திரமாக வந்தன. நேற்று செவ்வாய்க்கிழமை. மூன்றாம் பாகத்தை நானே வாசித்தேன், ஒரு தாளையும் தாண்டவில்லை. அடுப்பு வந்தபோது மாமியார் தையலிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார். ஆம்ப்ரோஸ் இப்போதெல்லாம் செய்தித்தாள் எடுப்பதில்லை.

என்னைப் பிழைக்கவைத்துவிட்டாய். நன்றி. ஃபியாமா வீடு திரும்புகிறாள், நல்ல இடத்தில் வாழ்க்கைப்படுகிறாள், எல்லோரும் மன்னிக்கிறார்கள். அவளை மன்னிக்கும் அக்காளுக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்திருக்கிறாய். நன்றாகவே எழுதியிருக்கிறாய், திருமதி ட்ரிக் மறுபடி அழுதாள்.

ஆனால் பெனடெட்டா இன்னும் அந்த வாசற்படியில்தான் மண்டியிட்டிருக்கிறாள். அதில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை. என் வெட்கத்தை ஊர் வாசிக்கலாம், உன்னுடையதை வாசிக்கக்கூடாது. நான் உன்னைத் திட்டவில்லை. உனக்காக எனக்குக் கூச்சமாக இருந்தது, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஈஸ்டருக்கு வர வேண்டாம். அதற்குப் பிறகும் நானாக எழுதும்வரை வர வேண்டாம். எழுதுவேனா என்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் வண்டிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். உன் பழுப்புக் காலணிகள். அப்பாவின் வண்டியில் திரும்பி வந்தபோது என் காலில் இருந்தவை. நீ திருப்பிக் கேட்கவேயில்லை, நானும் தூக்கிப்போடவில்லை. கல்யாணமாகி வந்தபோதும் பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்தேன். நேற்று எடுத்துத் துடைத்துப் பார்த்தேன், தோல் இன்னும் நன்றாகவே இருக்கிறது.

கம்பளியை எடுக்கவில்லை. நீ திணித்தபடியே இருக்கிறது.

லெட்டிஸ்