மூடிக்கடியில் வேட்டித்துணி

பெரியவளின் அப்பாவுக்கு,

குடோன் வேலைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை என்று திருமங்கலத்திலேயே தங்கிவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

ஓவன் கரண்டை இழுக்கும் என்று நீங்கள் வாங்கித் தந்த ஸ்லோ குக்கரில்தான் இன்னும் கேக் செய்து விற்கிறேன். மூடியில் வியர்க்கும் தண்ணீர் கேக்கில் சொட்டாமலிருக்க, உங்கள் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து மூடிக்கடியில் கட்டுகிறேன். சொட்டுகிற தண்ணீரையெல்லாம் துணி குடித்துக்கொள்கிறது. கேக் நசநசக்காமலும் காயாமலும் மெத்தென்று வருகிறது.

போன வாரம் நீங்கள் தங்கியிருக்கும் திருமங்கலத்திலிருந்து ஒரு பெண் போனில் ஆர்டர் கொடுத்தாள். மகனுக்கு முதல் பிறந்தநாளாம்.

"எங்க வீட்டுக்காரவுகளுக்குக் காஞ்ச கேக்கு ஆகாதுக்கா. நல்லா மெதுவா இருக்கணும்" என்றாள்.

மேலே என்ன பெயர் எழுதுவது என்று கேட்டேன்.

"வெள்ளைத்துரைன்னு எழுதுங்க."

"இந்தக் காலத்துல இம்புட்டுப் பழைய பேரா?"

"அவுக அப்பா பேருக்கா. பேரு சொல்ல ஒரு ஆம்பளப் புள்ள வேணுமில்ல?"

உங்கள் அப்பாவின் பெயரை நான் க்ரீமில் பிழையில்லாமல் எழுதினேன். எனக்கு இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, அந்தப் பெயர் மாமாவோடு போயிற்று என்று அத்தை ஆஸ்பத்திரியிலேயே அழுதார்கள். இனி அழ வேண்டாம்.

கேக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாசலில் உங்கள் வண்டி நின்றது. உள்ளே கூப்பிட்டாள். நான் போகவில்லை.

ஆர்டர் நிறைய வருகிறது. துணி போதவில்லை. பீரோவில் இருந்த உங்கள் மற்ற வேட்டிகளையும் கிழித்துவிட்டேன்.

இப்படிக்கு,
இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவள்